மர ஜன்னலுக்கு மாற்றிய கண்ணாடி ஐந்தே வாரத்தில் மூலையில் விரிந்துவிட்டது: காரணம் என்ன?

மாந்தோப்பு வீடு (காவேரிப்பட்டினம்) கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். காவேரிப்பட்டினத்தை அடுத்த மாந்தோப்பு ஒன்றின் ஓரமாக என் மாமனார் 1986-இல் கட்டிய வீட்டில் நாங்கள் குடியிருக்கிறோம். ஜன்னல்கள் அனைத்தும் மரத்தாலானவை. நிலையின் உட்புறத்தில் இரும்புக் கம்பிகளும், வெளிப்பக்கமாகத் திறக்கும் இரட்டைக் கதவுகளும், ஒவ்வொரு கதவிலும் மேலொன்றும் கீழொன்றுமாக இரண்டு கண்ணாடிகளும் இருக்கின்றன. ஏப்ரல் கடைசியில் கோடை மழையோடு சூறைக்காற்று வீசிய ஓர் இரவில், தோப்பில் காய்கள் கொட்டும் சத்தத்தைக் கேட்டு எல்லோரும் அந்தக் கவலையிலேயே இருந்துவிட்டதால், படுக்கையறை ஜன்னலுக்குக் கொக்கி மாட்டவில்லை என்பதை யாரும் கவனிக்கவில்லை. கதவு சுவரில் மோதிக் கீழ்க்கண்ணாடி நொறுங்கிவிட்டது.

இரண்டு நாளில் ஆளை அழைத்து மாற்றிவிட்டோம். வந்தவர் பழைய துண்டுகளைப் பிடுங்கிவிட்டுப் புதிய கண்ணாடியைக் காடியில் (சட்டத்தில் கண்ணாடி அமரும் பள்ளத்தில்) வைத்தார். அது எளிதில் இறங்காததால் ஒரு கட்டையை வைத்து மெல்லத் தட்டி இறக்கி, "ஆடாமல் கச்சிதமாக உட்கார்ந்துவிட்டது" என்று சொல்லி, பழைய ரீப்பர்களையே (கண்ணாடியைப் பிடித்து நிறுத்தும் மெல்லிய மரப்பட்டிகள்) அடித்துவிட்டுப் போனார். அரை மணி நேரத்தில் வேலை முடிந்ததில் எங்களுக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் ஜூன் முதல் வாரத்தில், காற்றே இல்லாத ஒரு காலையில் திரையை விலக்கியபோது, யாரும் தொடாத அந்தக் கண்ணாடியின் கீழ் இடது மூலையிலிருந்து நடுப்பகுதிவரை ஒரு விரிசல் ஓடியிருந்தது.

கண்ணாடியே மட்டமானதா, அல்லது பொருத்தியதில் பிழையா? என் கணவர் ஓசூரில் வேலை செய்வதால் ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டுமே வீட்டில் இருப்பார். ஆகவே இம்முறை நானே செய்துவிடலாமா என்று எண்ணுகிறேன். 3 மில்லிமீட்டர் கண்ணாடி போதுமா, 5 மில்லிமீட்டர் வேண்டுமா என்பதையும், சுவருக்குப் பூசிய பட்டி வீட்டில் அரை மூட்டை மீதி இருப்பதால் அதையே ஓரத்தில் வைத்து அடைக்கலாமா என்பதையும் தெரிவித்தால் உதவியாக இருக்கும். பக்கத்து வீட்டார் மரத்தையே எடுத்துவிட்டு அலுமினிய ஜன்னலுக்கு மாறச் சொல்கிறார்கள்.

உளிச்சத்தம் (பாலக்கோடு) பதில்:

அம்மா, நான் முப்பது ஆண்டுகளுக்கு மேல் தச்சு வேலை செய்து, இப்போது கண் பார்வை குறைந்ததால் ஓய்வில் இருப்பவன். நீங்கள் எழுதியதில் "கட்டையை வைத்துத் தட்டி இறக்கினார்" என்ற ஒரு வரியே போதும். கண்ணாடி அன்றைக்கே பாதி விரிந்துவிட்டது, ஜூன் மாதத்தில்தான் உங்கள் கண்ணுக்குத் தெரிந்தது.

கண்ணாடி காடியில் மிதக்க வேண்டும், இறுகக் கூடாது. மரம் நீளவாக்கில் ஏறக்குறைய மாறாமல் இருந்தாலும், அகலவாக்கில் ஈரத்தைக் குடித்து ஊதும், வெயிலில் வற்றும். ஏப்ரல் வெயிலில் வற்றிக் கிடந்த சட்டத்தில் துளியும் இடைவெளி இல்லாமல் கண்ணாடியைச் செருகினால், மழை பெய்து மரம் ஊதும்போது அந்தச் சட்டம் கண்ணாடியை இடுக்கிப் பிடிப்பதைப் போல நெருக்கும். பரவலாக விழும் அழுத்தத்தைக் கண்ணாடி நன்றாகவே தாங்கும். ஒரே புள்ளியில், அதுவும் வெட்டிய விளிம்பில் அழுத்தம் விழுந்தால் தாங்காது. வெட்டிய விளிம்பில் கண்ணுக்குத் தெரியாத சிறு பிளவுகள் எப்போதும் இருக்கும், அவற்றில் ஒன்று வாய் திறந்தால் பிறகு நிற்காது.

இன்னொன்றையும் உறுதியாக எதிர்பார்க்கிறேன். அவர் காடியைச் சுத்தம் செய்யாமல் விட்டிருப்பார். 1986-இல் கண்ணாடி ஓரத்தை அடைக்க வைத்த புட்டி (எங்கள் காலத்தில் மக்கு என்போம்) இப்போது கல்லாக இருக்கும். அதன் ஒரு கட்டி மூலையில் நின்றிருந்தால், கண்ணாடியின் முழு எடையும் அந்தக் கட்டியின் மேல்தான் உட்காரும். ரீப்பரைக் கழற்றும்போது, விரிசல் தொடங்கும் இடத்தில் மீன் செதிள் அளவுக்கு ஒரு சில்லு தெறித்திருக்கிறதா, அதற்கு நேராகக் காடியில் கட்டியோ ஆணியோ இருக்கிறதா என்று பார்த்துவிட்டு எழுதுங்கள்.

நீங்களே செய்யலாம், ஆனால் ஜன்னலில் நின்றுகொண்டு செய்யாதீர்கள். உட்பக்கம் கம்பி இருப்பதால் கை போகாது. வெளியே ஏணியில் நின்று ஒரு கையால் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு மறு கையால் ஆணி அடிப்பது எனக்கே பிடிக்காத வேலை. கீல்களின் திருகுகளைக் கழற்றி, கதவை எடுத்து வந்து, மேசையில் பழைய போர்வையை விரித்து அதன் மேல் கிடத்திக்கொள்ளுங்கள். ரீப்பரை நடுவிலிருந்து நெம்ப வேண்டும். முனையிலிருந்து நெம்பினால் பிளந்துவிடும். எந்த ரீப்பர் எந்தப் பக்கத்துக்கு உரியது என்பதைப் பென்சிலால் குறித்துவையுங்கள், ஏனெனில் எதிரெதிர் ரீப்பர்கள் ஒரே நீளமாகத் தோன்றினாலும் ஒன்றின் இடத்தில் மற்றொன்று பொருந்தாது.

காடியை மரம் தெரியும்வரை உளியால் சுரண்டிய பிறகு, உடனே புட்டி வைத்துவிடக் கூடாது. பூச்சில்லாத வெறும் மரம் புட்டியிலுள்ள எண்ணெயை உறிஞ்சிவிடும். எண்ணெய் போன புட்டி ஓராண்டுக்குள் வெடித்து உதிரும். ஆகவே மர பிரைமர் ஒரு கை அடித்து, ஒரு நாள் காயவிடுங்கள். உங்களிடம் மீதியிருக்கும் சுவர்ப் பட்டி வெள்ளைச் சிமெண்டால் ஆனது, தண்ணீரில் குழைப்பது. அது மரத்தோடும் கண்ணாடியோடும் சேர்ந்து அசையாது, கோடை முடிவதற்குள் பாளம் பாளமாக வந்துவிடும். வேண்டியது ஆளிவிதை எண்ணெயில் குழைத்த புட்டி. ஹார்டுவேர் கடையில் டப்பாவாகக் கிடைக்கிறது. கிடைக்காவிட்டால், சாக் பவுடர் ஒரு கிலோவுக்கு டபுள் பாயில்டு லின்சீட் ஆயில் (காய்ச்சிய ஆளிவிதை எண்ணெய்) ஏறத்தாழ 200 மில்லி வரை சிறிது சிறிதாக ஊற்றி, சப்பாத்தி மாவைப் போல் கையில் ஒட்டாத பதம் வரும்வரை பிசையுங்கள். அவசரப்பட்டு எண்ணெயை மொத்தமாகக் கொட்டிவிடுகிறவர்களே அதிகம், பிறகு தூளைத் தேடி மீண்டும் கடைக்கு ஓடுவார்கள்.

காடியின் நான்கு பக்கமும் பென்சில் பருமனுக்குப் புட்டியை உருட்டி வைத்து, அதன் மேல் கண்ணாடியை வைத்து, ஓரங்களை மட்டும் விரல்களால் மெதுவாக அழுத்துங்கள். நடுவில் கை வைக்கவே கூடாது. கண்ணாடிக்கும் மரத்துக்கும் இடையே அரை நூல் (அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு) கனத்திற்குப் புட்டி மிஞ்சும்வரை அழுத்தினால் போதும். இந்த மெத்தைதான் அதிர்ச்சியைத் தாங்குகிறது. மழைநீர் கண்ணாடி வழியே இறங்கிக் காடிக்குள் தேங்காமல் தடுப்பதும் இதுவே. உங்கள் ஜன்னலில் இது இல்லாததால் ஒவ்வொரு மழையிலும் கீழ்ச்சட்டம் தண்ணீர் குடித்திருக்கும். பிறகு கண்ணாடியின் மேல் இன்னொரு மெல்லிய இழை புட்டியும், அதன் மேல் ரீப்பரும், முக்கால் அங்குல மெல்லிய ஆணிகளும். ஆணியைக் கண்ணாடிக்கு இணையாக, சற்றே மரத்தின் பக்கம் சாய்த்து அடியுங்கள். சுத்தியலைத் தூக்கி அடிக்காமல், கண்ணாடியின் மேல் ஓர் அட்டையை வைத்து, அதன் மேல் சுத்தியலைச் சறுக்கவிட்டுத் தட்டினால் தவறினாலும் அடி கண்ணாடியில் விழாது.

அலுமினியத்தைப் பற்றி: நிலையும் சட்டமும் உளுக்காமல் இருக்கும்போது ஒரு கண்ணாடிக்காக ஜன்னலையே பெயர்ப்பது எனக்கு உடன்பாடில்லை. அது என் தொழிலின் பாசமாகவும் இருக்கலாம்.

கண்ணாடிக் கடைக்காரன் (கிருஷ்ணகிரி) பதில்:

அக்கா, ஐயா சொன்னதில் மாற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. அளவைப் பற்றி மட்டும் நான் சொல்கிறேன், ஏனென்றால் எங்கள் கடைக்குத் திரும்பி வரும் கண்ணாடிகள் பெரும்பாலும் அளவால்தான் வருகின்றன.

கண்ணாடி தெரிகிற பகுதியை அளக்காமல், ரீப்பரைக் கழற்றி, புட்டியைச் சுரண்டிய பிறகு காடிக்குள்ளே அளக்க வேண்டும். அகலத்தை மேல், நடு, கீழ் என மூன்று இடங்களிலும், உயரத்தை இடம், நடு, வலம் என மூன்று இடங்களிலும் எடுத்து, ஒவ்வொன்றிலும் மிகச் சிறியதை மட்டும் வைத்துக்கொண்டு, அதிலிருந்து ஒரு நூல் குறைத்துக் கடையில் சொல்லுங்கள். எட்டு நூல் ஓர் அங்குலம் என்பதால், ஒரு நூல் என்பது 3 மில்லிமீட்டரைச் சற்றுத் தாண்டும். இரு பக்கமும் ஒன்றரை மில்லிமீட்டர் வீதம் இடைவெளி கிடைக்கும். குறைத்த பிறகு சொல்கிறீர்களா, குறைக்காமல் சொல்கிறீர்களா என்பதைக் கடைக்காரரிடம் தெளிவாகச் சொல்ல வேண்டும். நீங்கள் ஒரு நூலும் அவர் ஒரு நூலும் குறைத்து, கண்ணாடி ரீப்பரைவிட்டு நழுவிய கதையும் உண்டு; "கடைக்காரர் குறைத்திருப்பார்" என்று நீங்களும் "அக்கா குறைத்திருப்பார்" என்று அவரும் விட்டுவிட்டதன் விளைவைத்தான் நீங்கள் இப்போது பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று ஊகிக்கிறேன். சட்டத்தின் குறுக்கு மூலைகளையும் அளந்து பாருங்கள். இரண்டு குறுக்களவும் ஒன்றாக இல்லையென்றால் சட்டம் கோணலாகிவிட்டது என்று பொருள். அப்போது எண்களை நம்பாமல், அட்டையைக் காடியில் தளர்வாக இறங்கும்படி வெட்டி அந்த அட்டையையே கடைக்குக் கொண்டு வாருங்கள்.

கனத்திற்கு வருவோம். ஒரு சதுர மீட்டர் கண்ணாடி, ஒவ்வொரு மில்லிமீட்டர் கனத்திற்கும் இரண்டரை கிலோ எடை இருக்கும். ஒரு மர ஜன்னல் கதவின் பாதி அளவுக் கண்ணாடிக்கு 4 மில்லிமீட்டர் நன்றாகவே போதும். 5 மில்லிமீட்டர் போட்டால் வலிமை கூடும் என்பது உண்மைதான், ஆனால் நாற்பது ஆண்டு பழைய கீல்கள் அந்த எடையையும் சுமக்க வேண்டும். காடியில் புட்டிக்கும் ரீப்பருக்கும் மிஞ்சும் இடமும் குறையும். டஃப்பன்டு (சூடேற்றி வலுவூட்டிய) கண்ணாடி வேண்டுமென்றால் அளவு கொடுத்து முன்கூட்டியே செய்யச் சொல்ல வேண்டும், ஏனெனில் சூடேற்றிக் குளிர்வித்த பிறகு அதை வெட்டவோ ஓரத்தைத் தேய்த்துக் குறைக்கவோ முடியாது, முயன்றால் மொத்தமும் மணிமணியாக உதிர்ந்துவிடும். படுக்கையறை ஜன்னலுக்கு அவ்வளவு தேவையில்லை. தரையைத் தொடும் கண்ணாடிக் கதவுக்குத்தான் நான் அதை வற்புறுத்துவேன்.

விளிம்பைச் சாணைக்கல்லால் ஒருமுறை தேய்த்துக் கொடுக்கச் சொல்லுங்கள். கடையில் கேட்டால் செய்வார்கள், கேட்காவிட்டால் பல நேரங்களில் செய்ய மாட்டோம்.

பர்கூர் வாசகன் பதில்:

எங்கள் பகுதியில் கிரானைட் குவாரியில் வெடி வைக்கும்போதெல்லாம் ஜன்னல் கண்ணாடிகள் கிடுகிடுவென அதிர்கின்றன. நான் புட்டி எதையும் தேடாமல் சிலிகான் பசையைச் சுற்றிலும் பிதுக்கிவிட்டேன். அன்றிலிருந்து சத்தமே இல்லை, ஒரு மணி நேர வேலை. மக்கு பிசைவதெல்லாம் இந்தக் காலத்துக்குத் தேவைதானா?

உளிச்சத்தம் (பாலக்கோடு) பதில்:

தம்பி, சத்தம் நின்றது சிலிகானின் பெருமை அல்ல. உங்கள் பழைய புட்டி உதிர்ந்து, கண்ணாடி ஆணிகளுக்கு இடையே தளர்ந்து நின்றதால் ஆடியது. அந்த இடைவெளியை எதைக் கொண்டு நிரப்பியிருந்தாலும் நின்றிருக்கும். சிலிகான் நல்ல பொருள்தான், அலுமினியத்துக்கும் குளியலறைக்கும் நானே அதைத்தான் சொல்வேன். மர ஜன்னலில் எனக்குள்ள குறைகள் இரண்டு. அதன் மேல் வர்ணம் பிடிக்காது, ஆகவே சட்டத்துக்கு வர்ணம் அடிக்கும்போது ஓரத்தில் மட்டும் வெள்ளை நரம்பு போல் நிற்கும். அடுத்த முறை கண்ணாடி உடைந்தால் மரத்தின் நாரையும் சேர்த்துப் பிய்த்துக்கொண்டுதான் வரும். வினிகரைப் போலப் புளித்த வாடை வீசும் வகையாக இருந்தால் அதிலிருந்து வெளிப்படும் அமிலம் இரும்பு ஆணிகளைத் துருப்பிடிக்கவும் செய்யும். அந்த வாடை இல்லாத நியூட்ரல் வகையை வாங்கினால் இந்த மூன்றாவது குறையாவது நீங்கும்.

தருமபுரி ஆசிரியை பதில்:

சகோதரி, வேலையின் நுட்பம் எனக்குத் தெரியாது; ஆனால் பிள்ளைகள் இருக்கும் வீடு என்று நினைத்துச் சில செய்திகளைச் சொல்கிறேன். விரிந்த கண்ணாடியைக் கழற்றுவதற்கு முன் அதன் இரு பக்கமும் அகலமான ஒட்டுநாடாவைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டிவிட்டால், எடுக்கும்போது துண்டுகள் தனித்தனியாகச் சரியாது. தோல் கையுறையும் மூடிய செருப்பும் கட்டாயம். துண்டுகளைப் பழைய செய்தித்தாளில் பல மடிப்பாகச் சுற்றி, அட்டைப்பெட்டியில் வைத்து, மேலே "கண்ணாடி" என்று பெரிதாக எழுதித் தூய்மைப் பணியாளரின் கையிலேயே கொடுங்கள். குப்பையோடு கலந்துவிட்டால் அவர்தான் கையை வெட்டிக்கொள்வார்.

1986-ஆம் ஆண்டு ஜன்னல் என்கிறீர்கள். வீட்டு வர்ணங்களில் ஈயம் 90 பிபிஎம் (பத்து லட்சத்தில் 90 பங்கு) அளவைத் தாண்டக் கூடாது என்ற விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. ஆகவே உங்கள் பழைய வர்ணத்தில் ஈயம் இருக்க வாய்ப்புண்டு. உலர்ந்த உப்புத்தாளால் தேய்த்துத் தூசி கிளப்பாமல், ஈரப்படுத்தித் தேய்த்து, விழுந்ததை ஈரத்துணியால் துடைத்தெடுங்கள். மற்றொன்று, ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டுவிடாதீர்கள். அந்த எண்ணெய் காயும்போது வெப்பத்தை வெளிவிடும். குவியலுக்குள் வெப்பம் வெளியேற வழியில்லாமல் தானாகவே தீப்பற்றிக்கொள்ளும். கொடியில் விரித்துக் காயவைத்த பிறகு எறியுங்கள்.

மாந்தோப்பு வீடு (காவேரிப்பட்டினம்) பதில்:

அனைவருக்கும் நன்றி. பத்து நாள் கழித்து எழுதுகிறேன். மன்னிக்கவும், மாங்காய் லோடு முடியும்வரை வீட்டில் கதவைக் கழற்ற ஓர் ஆள்கூட ஓய்வாக இல்லை.

உளிச்சத்தம் ஐயா சொன்னவை இரண்டும் இருந்தன. கீழ் இடது மூலையில் சுண்டைக்காய் அளவுக்குப் பழைய புட்டி கல்லாக ஒட்டியிருந்தது; அதற்கு நேராகக் கண்ணாடியில் சில்லு தெறித்திருந்தது. காடியைச் சுத்தம் செய்து அளந்தபோது அகலம் மேலே 11 அங்குலம் 2 நூலும், கீழே 11 அங்குலம் 1 நூலும் வந்தது. கழற்றும்போது இரண்டாகிவிட்ட கண்ணாடியின் துண்டுகளைத் தரையில் சேர்த்து வைத்து அளந்தேன். அதுவும் சரியாக 11 அங்குலம் 1 நூல். அதாவது மேலே ஒரு நூல் தளர்வாகவும், கீழே இடைவெளியே இல்லாமலும் இருந்திருக்கிறது. கடைக்காரத் தம்பி எழுதியதைப் படித்த பிறகு அது யாருடைய பிழை என்று தேடுவதை விட்டுவிட்டேன், ஏனென்றால் அன்று அளவைக் கடைக்குப் போனில் சொன்னவள் நான்தான்.

புதிய கண்ணாடியை 11 அங்குல அகலத்திலும், உயரம் 20 அங்குலமாக இருந்ததால் 19 அங்குலம் 7 நூல் உயரத்திலும், 4 மில்லிமீட்டரில் வாங்கினேன். கையில் எடுத்தபோது ஒன்றரை கிலோவுக்குச் சற்றுக் குறைவாக இருக்கும் என்று தோன்றியது. அடியில் இரண்டு இடங்களில் சைக்கிள் டியூபைச் சிறு துண்டாக வெட்டி வைத்து அதன் மேல் கண்ணாடியை நிறுத்துமாறு கடையில் சொன்னார்கள், அவ்வாறே செய்தேன். புட்டியின் மேல் கண்ணாடி அமர்ந்தபோது பக்கவாட்டில் மிக மெல்ல அசைந்ததைப் பார்த்து முதலில் பயமாக இருந்தது. பிறகு ஐயா சொன்ன "மிதக்க வேண்டும்" என்பது இதுதான் போலும் என்று தேற்றிக்கொண்டேன். ஆணிகளில் இரண்டு வளைந்துவிட்டன, ஒரு ரீப்பர் பிளந்துவிட்டது. அதை மட்டும் தச்சுப் பட்டறையில் புதிதாக இழைத்து வாங்கினேன். காலையில் தொடங்கிய வேலை மாலை நான்கு மணிக்கு முடிந்தது.

ஒரே ஓர் ஐயம் மீதி இருக்கிறது. நான்கு நாளாகியும் புட்டியை விரலால் அழுத்தினால் பள்ளம் விழுகிறது. கெட்டுவிட்டதா? வர்ணம் எப்போது அடிக்கலாம்?

உளிச்சத்தம் (பாலக்கோடு) பதில்:

கெடவில்லை, அம்மா. அந்த எண்ணெய் தண்ணீரைப் போல ஆவியாகிக் காய்வதில்லை. காற்றிலுள்ள ஆக்சிஜனைச் சேர்த்துக்கொண்டு மேலிருந்து உள்ளாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுகுகிறது. மேலே தோல் பிடித்து, நகத்தால் கீறினால் ஒட்டாத நிலை வர இரண்டு அல்லது மூன்று வாரம் ஆகும்; ஈரக்காற்று அடித்தால் இன்னும் சில நாள் கூடும். அதுவரை தினமும் அழுத்திப் பார்க்காதீர்கள். வர்ணம் அடிக்கும்போது, புட்டியைத் தாண்டிக் கண்ணாடியின் மேலும் அரை நூல் அளவுக்குத் தூரிகையை ஓட்டுங்கள். கண்ணாடியும் புட்டியும் சேருமிடத்தை வர்ணம் மூடிக்கொண்டால் அங்கே தண்ணீர் புகாது. அழகுக்காக அந்த ஓரத்தைப் பிளேடால் சுரண்டிவிட வேண்டாம்.

அந்தக் கொக்கியையும் மாற்றிவிட்டீர்களா?

மாந்தோப்பு வீடு (காவேரிப்பட்டினம்) பதில்:

மாற்றிவிட்டேன் ஐயா, நான்கு ஜன்னலுக்கும்.